இறுதிக்காலப் பேணல் நிறுவனங்களின் தரமதிப்பீடு

இறுதிக்காலப் பேணல் (ஹாஸ்பிஸ்) என்பது நோயைக் குணப்படுத்த முயலாது, வலி, மூச்சுத்திணறல் முதலிய துன்பங்களைத் தணிக்கும் பராமரிப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு 1983 முதல் இதற்குப் பணம் அளித்து வருகிறது. நோயாளியின் ஆயுள் ஆறு மாதமோ அதற்கும் குறைவோ என மருத்துவர்கள் சான்றளித்தல் வேண்டும்.

கட்டணம் பெரும்பாலும் நாட்கணக்கில் வழங்கப்படுகிறது. செவிலியர் வராத நாளுக்கும் தொகை உண்டு என்பதால், வருகைகளைக் குறைக்கும் நிறுவனம் கூடுதல் இலாபம் பெற இயலும். தரமதிப்பீடு இன்றியமையாததாவது இதனாலேயே.

மதிப்பீட்டு முறைகள்

2015 முதல், நோயாளி இறந்த பின்னர் அவரைப் பேணிய உறவினரிடம் கருத்தாய்வு நடத்தப்படுகிறது. வலிக்கு உரிய உதவி கிடைத்ததா, அழைத்தபோது தாமதமின்றி வந்தனரா போன்றவை வினவப்படுகின்றன. இறுதி மூன்று நாட்களுள் குறைந்தது இரு நாட்களில் செவிலியரோ சமூகப்பணியாளரோ நேரில் வந்தனரா என்பது மற்றோர் அளவீடு. எளியதாயினும் பொருள் மிக்கது இதுவே எனலாம்.

உயிருடன் விடுவிக்கப்படுவோரின் விகிதமும் கணக்கிடப்படுகிறது. இது மிகுந்திருப்பின், தகுதியற்றோர் சேர்க்கப்பட்டனர் என்றோ, செலவு மிகுந்த நோயாளிகள் கைவிடப்பட்டனர் என்றோ ஐயம் எழும். எனினும் உடல்நிலை தேறி வெளியேறுவோரும் உளர்; இவ்வெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

குடும்பத்தார் கேட்கவேண்டியவை

நள்ளிரவில் அழைத்தால் பதிலளிப்பவர் யார், செவிலியர் வந்துசேர எவ்வளவு நேரமாகும், வீட்டில் வலி அடங்காவிடில் எங்கு அனுமதிப்பர் என்பவற்றை முன்னரே கேட்டறிதல் நன்று. பேணுபவர் இளைப்பாறும் பொருட்டு, நோயாளியை ஒருமுறைக்கு ஐந்து நாட்கள் வரை நிறுவனப் பொறுப்பில் விட மெடிகேர் இடமளிக்கிறது. மனநிறைவு இல்லையெனில் ஒவ்வொரு பயன்காலத்திலும் ஒருமுறை வேறு நிறுவனத்திற்கு மாறலாம்.