பழைய சாலையோரத்து விந்தைகள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்வோர் இன்று பெரும்பாலும் வடக்கு தெற்கு விரைவுச்சாலையையே நாடுகிறோம். அது 1994ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதற்கு முன் நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைத்து வந்த பழைய நெடுஞ்சாலை, பட்டணங்களின் நடுவே புகுந்து இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தஞ்சோங் மாலிமிலிருந்து அவ்வழியே வடக்கு நோக்கிச் செல்வோம்.

தஞ்சோங் மாலிமில், 1922இல் தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பழைய கட்டடம் உண்டு. சூடான பாவ் விற்கும் கடைகளும் உண்டு. பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு நகர்ந்தால் அடுத்து வருவது சிலிம் ரிவர்.

இங்கே நின்று பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், நமக்கு எதிர்த்திசையிலிருந்து ஜப்பானிய டாங்கிகள் இதே சாலையில் நேராக உருண்டு வந்தன. ரப்பர்த் தோட்டங்களின் நடுவே அணிவகுத்திருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை ஒரே நாளில் சிதறிப் போயிற்று. பாலங்களைத் தகர்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஈயத்துக்கும் ரப்பருக்குமாகப் போட்ட சாலை பகைவனுக்கும் நன்றாகவே பயன்பட்டது. நான்கு நாளில் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று.

பீடோரில் இடப்பக்கம் திரும்பினால் தெலுக் இந்தான் போகலாம். 1982 வரை அதன் பெயர் தெலுக் அன்சன். அங்குள்ள சாய்ந்த கோபுரம் 1885இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகையாளர் கட்டியது. வெளியே நின்று எண்ணினால் எட்டு அடுக்கு; உள்ளே ஏறிப் பார்த்தால் மூன்றே தளம்! ஊருக்குத் தண்ணீர் சேமிக்க எழுந்த கோபுரம் அது. நிலமோ இளகிய மண். மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம். சாயாமல் என்ன செய்யும்?

மீண்டும் பெரிய சாலைக்கு வந்து தாப்பா, கம்பார் கடந்து கோப்பேங்கை அடைகிறோம். அங்கிருந்து பத்து காஜா செல்லும் வழியில் கெல்லி துரையின் மாளிகை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். தோட்டத் தொழிலில் பொருள் ஈட்டியவர். 1915இல் அவர் தொடங்கிய புதிய மாளிகைக்குச் செங்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தது. அடுக்கிய கைகளும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவை. மின்தூக்கிக்கென ஒரு கோபுரமும் எழுப்பினார்கள். இடையில் விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் கேட்டுக்கொண்டபடி துரை அருகிலேயே மாரியம்மன் கோயில் கட்டித் தந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மாளிகை முடிவுறாமலே நின்றுவிட்டது.

அங்கே பேய்க்கதைகளும் இரகசியச் சுரங்கவழிக் கதைகளும் தாராளமாகக் கிடைக்கும். காய்ச்சலில் மாண்ட நம்மவரின் பெயர்களைத்தான் யாரும் சொல்வதில்லை. அவர்களை நினைக்க நமக்கு இருப்பது அந்தக் கோயில் ஒன்றே. அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே மேல்நாட்டு உடையில் ஓர் உருவம் நிற்கிறது. அது கெல்லி துரை என்கிறார்கள். மாளிகையோடு திரும்பிவிடுவோர் பலர். கோயில் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. கேட்டால் வழி சொல்வார்கள்.