எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக் கீற்றணி

விண்மீன்களும் கருந்துளைகளைச் சூழ்ந்த வட்டுகளும் வெளியிடும் எக்ஸ் கதிரை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நுண்கருவி. வளிமண்டலம் எக்ஸ் கதிரை உறிஞ்சிவிடுவதால் விண்கலத்தில்தான் இதற்கு வேலை.

கீற்றணியின் வரலாறு தலைமுடியில் தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் 1785 வாக்கில் இரு திருகுகளின் புரிகளுக்கிடையே முடிகளை வரிசையாகக் கட்டி ஒளியைப் பிரித்தார். 1821இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் உலோகக் கம்பிகளைக் கட்டி அலைநீளத்தையே அளந்தார். 1882இல் பால்டிமோரில் ஹென்றி ரோலண்ட் குழிந்த பரப்பில் கோடுகள் கீறினார். பிளவு, கீற்றணி, நிறமாலை மூன்றும் ஒரே வட்டத்தில் அமையும் என்று அவர் கண்டது இன்றைய வடிவமைப்புக்கும் அடித்தளம். 1925இல் இயற்பியலாளர்கள் காம்ப்டனும் டோனும் கீறிய உலோகப் பரப்பில் எக்ஸ் கதிரை மிகச் சாய்வாக விழச்செய்து நிறமாலை பெற்றனர். 1978இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் ஆய்வகம் என்ற விண்தொலைநோக்கியும் கீற்றணியைச் சுமந்து சென்றது.

இக்கலையின் உச்சம், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி. அதன் உயர் ஆற்றல் கீற்றணியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிளாட் கனிசாரெஸ் தலைமையிலான குழு உருவாக்கியது. லேசர் ஒளியின் குறுக்கீட்டு வரிகளை அச்சாகக் கொண்டு, மெல்லிய பாலிஇமைடு படலத்தின்மேல் தங்கக் கம்பிகள் வளர்க்கப்பட்டன. இத்தகைய 336 துண்டுகள் ரோலண்ட் வட்ட அமைப்பில் பொருத்தப்பட்டுள்ளன. கம்பிகளின் இடைவெளி ஒரு வகையில் 200 நானோமீட்டர், மற்றதில் 400. 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரின் அலைநீளம் 1.24 நானோமீட்டர். 200 நானோமீட்டர் கீற்றணி அதை 0.36 பாகை மட்டுமே விலக்கும். ஆனால் 8.6 மீட்டர் தள்ளியிருக்கும் உணரியில் அது ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகி விழும்.

வடிவமைப்பின் நுட்பம் கம்பியின் தடிமனில் இருக்கிறது. கதிரை முழுதும் மறைக்கும் கம்பிகளானால் முதல் வரிசை நிறமாலையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடே கிடைக்கும். சந்திராவில் தங்கம் சுமார் அரை மைக்ரோமீட்டர் தடிமனே உள்ளதால் கதிரின் ஒரு பகுதி அதனூடே கட்டம் மாறிச் செல்கிறது. இதனால் நேராகப் போகும் ஒளி குறைந்து, பிரிந்த நிறமாலை வலுப்பெறுகிறது.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் எதிரொளிப்புக் கீற்றணிகளைச் சுமந்தது. அவை கூடுதல் ஒளியைச் சேர்க்கும் என்றாலும் எடை மிகுந்தவை. சிறு சாய்வுப் பிழையைப் பொருட்படுத்தாததில் சந்திராவில் உள்ளதுபோன்ற ஊடுசெல் கீற்றணியே மேலானது.

தற்போது தங்கத்துக்குப் பதில் சிலிக்கனில் செதுக்கிய ஆழமான கீற்றணிகள் ஆய்வகங்களில் உருவாகின்றன.