இழக்கத்தக்க முதல்: வணிகப் பள்ளிப் பட்டதாரிகளும் வட சிலாங்கூர்த் தோட்டச் சமூகமும்

வணிகப் பள்ளியில் பயின்றோர் தொடங்கி வெற்றி கண்ட நிறுவனங்களை ஆராய்வோர், அங்குக் கற்ற பாடத்தையும் பெற்ற தலைமைப் பண்பையுமே பெரும்பாலும் காரணமாகக் காட்டுகின்றனர். தஞ்சோங் காராங்கை உள்ளடக்கிய கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டங்களிலிருந்து நோக்குங்கால் அவ்விளக்கம் போதவில்லை. அப்பள்ளிகள் அளித்தவற்றுள் தலையாயது இழக்கத்தக்க முதல், அதாவது தொழில் நொடித்தாலும் குடும்பத்தை நிலைகுலையச் செய்யாத பணம், கிடைக்கும் வழியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேசியரான ஆன்டனி டானும் டான் ஹூய் லிங்கும் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பயின்றபோது, வாடகைக் காரில் தனியே செல்லும் பெண்ணின் பாதுகாப்பின்மை என்ற, கோலாலம்பூரில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த குறையைத் தொழில் திட்டமாக வடித்து, 2011ஆம் ஆண்டு அப்பள்ளியின் போட்டியில் இரண்டாமிடம் பெற்றனர். 2012இல் 'மைடெக்சி' என்று தொடங்கிய அதுவே கிராப் வாடகைக்கார்ச் செயலி நிறுவனமாக வளர்ந்து, 2018இல் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை வாங்கி, 2021 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையை எட்டியது. குறையைக் கண்டறிய ஹார்வர்ட் தேவைப்படவில்லை. அதற்குப் பணம் போடுவோரை நம்பவைக்கவே அது தேவைப்பட்டது. மேலும், ஆன்டனி டான் நிசான் கார் விற்பனையில் பெயர்பெற்ற டான் சோங் குடும்பத்தவர்; டான் ஹூய் லிங் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றியவர். முயற்சி பொய்த்திருந்தாலும் இருவருக்கும் திரும்பிச் செல்ல இடமிருந்தது.

1938இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, கொழும்புத் திட்ட உதவித்தொகையில் மெல்பர்ன் சென்று, 1964இல் ஹார்வர்டில் வணிக நிர்வாக முதுகலைப் பட்டம் பெற்ற ஆனந்த கிருஷ்ணனின் கதை வேறு. தொலைத்தொடர்பு நிறுவனமான மேக்சிஸ், செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோ ஆகியவற்றை அவர் நிறுவியது பட்டம் பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தே. எண்ணெய் வணிகத்தில் ஈட்டிய செல்வமும் அரசு வழங்கும் உரிமங்களும் அதற்கு அடித்தளமாயின. 1996இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கியபின், லயத்து வீடுகளின் தகரக் கூரையோரம் ஆஸ்ட்ரோ தட்டு ஏறியது. தோட்டக் குடும்பம் இவ்வரலாற்றில் இடம்பெற்றது மாதக் கட்டணம் செலுத்தும் சந்தாதாரராகத்தான்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு பி.சி. முஸ்தபா. வயநாட்டுக் காப்பித் தோட்டக் கூலித் தொழிலாளியின் மகனான அவர், பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்றவர். தம் உறவினர்களுடன் 2005இல் இட்லி, தோசை மாவு விற்கத் தொடங்கி 'ஐடி ஃபிரெஷ்' நிறுவனத்தை வளர்த்தவர். தோட்டத்திலிருந்தும் இது இயலும் என்பதற்கு அவர் சான்றே. எனினும் இடையில் பொறியியல் பட்டமும் வளைகுடா நாட்டு வங்கிச் சம்பளமும் இருந்தன. இழக்கத்தக்க முதலை அவர் முன்னரே உழைத்துச் சேர்த்திருந்தார்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களே ஒருகாலத்தில் அத்தகைய முதலால் எழுந்தவை. 1917இல் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஆன்ரி ஃபோக்கொன்னியே, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியபோது, பெல்ஜிய முதலீட்டாளர்கள் அவருக்குப் பின்னிருந்தனர். தொழிலாளர் தரப்பிலோ பணம் திரண்ட வழிகள் இரண்டு. ஒன்று, உறுப்பினர் மாதந்தோறும் பணம் கட்டி ஒருவர் மாற்றி ஒருவர் மொத்தத் தொகையை எடுக்கும் கூட்டு. அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. தமிழ்நாட்டில் சீட்டு நிறுவனங்கள் பதிவுபெற்று இயங்குவதை எண்ணினால் இது சிறிய வேறுபாடன்று. மற்றொன்று, தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த அப்பணம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிற்று. அது நிலமாகவே மாறியாக வேண்டியிருந்தது. பால்வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்த வெள்ளியைச் சோதித்துப் பாராத யோசனையில் போட எந்த நிர்வாகிக்கும் உரிமை இருந்திருக்காது.

இன்று பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. படிப்புக்கு உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். உதவுகிறது. ஆயினும் அக்கடனில் வணிகம் பயிலும் தோட்டத்துப் பிள்ளை, கடனோடுதான் பட்டம் பெற்று வெளிவருகிறார். அவர் மாதச் சம்பளத்தை நாடுவதைத் துணிவின்மை என்பது பொருந்தாது. மலேசிய இந்தியத் தொழில்முனைவோருக்கு அரசின் சிறுதொழில் கடனுதவி நிறுவனமான டெக்குன் வழங்கும் தொகையும் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனே. கிராப்பில் போடப்பட்ட பணத்தைப்போல் இழப்பில் பங்கேற்கும் முதலீடு அன்று அது.