இளநிலை வணிகவியல், வணிக நிர்வாகப் பட்டங்கள் (திருப்பூர் வட்டாரம்)

திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில் கணக்கு எழுதவும் நிர்வாகம் பார்க்கவும் வருபவர்கள் பெரும்பாலும் படித்துவிட்டு வரும் மூன்றாண்டுப் பட்டங்கள் பி.காம்., பி.பி.ஏ. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டக் கல்லூரிகளுக்கு இப்பட்டங்களை வழங்குவது 1982இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகம். திருப்பூர் நகரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி, குமரன் மகளிர் கல்லூரி ஆகியவை இதன் இணைப்பில் உள்ளன. உடுமலைப்பேட்டை ஜி.வி.ஜி. விசாலாட்சி மகளிர் கல்லூரி தன்னாட்சி பெற்றது. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

பெயர்களும் குழப்பமும்

ஒரே பி.காம். பட்டத்துக்குப் பல கிளைகள் உண்டு. பி.காம். சி.ஏ. என்பதில் உள்ள சி.ஏ. கணினிப் பயன்பாட்டைக் குறிக்கும். அதைப் பட்டயக் கணக்காளர் படிப்பு என்று நம்பிப் பிள்ளையைச் சேர்த்துவிடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பி.ஏ. என்று அடைப்புக்குறிக்குள் வந்தால் தொழில்முறைக் கணக்கியல். சி.எஸ். என்றால் நிறுமச் செயலாண்மை. விண்ணப்பம் எழுதும் நாளிலேயே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டத்தின் பெயரைவிட ஆறு செமஸ்டரிலும் வரும் தாள்களின் பெயரே மாணவரின் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது.

பட்டத்தின் அமைப்பு

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 140 கிரெடிட். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாம் பகுதிதான் படிப்பின் உடம்பு: முதன்மைப் பாடம், சார்புப் பாடம், விருப்பப் பாடம், புராஜெக்ட் எல்லாம் இதில் அடங்கும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, திறன்சார் தாள், பிற துறையிலிருந்து எடுக்கும் தாள் ஆகியவை வரும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அந்த இடத்தில் அடிப்படைத் தமிழ். ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு, தேர்வெழுத 75 விழுக்காடு வருகை. ஒரு தாளில் அரியர் நின்றாலும் அதை எழுதித் தேறும்வரை பட்டம் கைக்கு வராது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சிகளும் இப்போது பாடத்திட்டத்துக்குள் சேர்ந்திருக்கின்றன.

பி.பி.ஏ.வின் கட்டமைப்பும் இதுவே. ஆனால் அதில் மேலாண்மை, சந்தைப்படுத்தல், மனிதவளம் போன்றவை முன்னிற்கும். கணக்குத் தாள்கள் குறைவு.

சார்புப் பாடம் என்னும் துணைப்பாடம்

வெளிநாடுகளில் ‘மைனர்’ என்று சொல்லப்படும் துணைப்பாடத்துக்கு இங்கே நெருங்கிய உறவு, மாணவர்கள் ‘அலைடு’ என்று அழைக்கும் சார்புப் பாடம். பி.காம். மாணவருக்கு வணிகக் கணிதம், வணிகப் புள்ளியியல், பொருளியல் ஆகியவை இந்த வகையில் வருவது வழக்கம். அங்கே மாணவர் தேர்ந்தெடுக்கிறார். இங்கே துறை தீர்மானித்துத் தருகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், அதில் துணைப்பாடத்துக்கு 24 என்று வகுத்தது. நான்காண்டுப் பட்டத்துக்கு 160, துணைப்பாடத்துக்கு 32. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்காததால் திருப்பூர் மாணவருக்கு மூன்றாண்டு, 140 கிரெடிட் என்ற முறையே நீடிக்கிறது.

பாடமும் பனியன் கம்பெனியும்

ஐந்தாம் செமஸ்டரை ஒட்டி வரும் அடக்கவிலைக் கணக்கியலில் ‘செயல்முறை அடக்கவிலை’ என்றொரு பாடம் உண்டு. பாடநூல் அதை ஏதோ ஒரு வேதிப்பொருள் ஆலையை வைத்து விளக்கும். திருப்பூரில் அது தெருவுக்குத் தெரு நடக்கிறது.

எடுத்துக்காட்டாக 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 990 கிலோ துணியாகத் திரும்புகிறது. டையிங், காம்பாக்டிங் முடிந்து 940 கிலோ. கட்டிங் டேபிளில் 100 கிலோ வேஸ்ட் விழுகிறது. மீதி 840 கிலோவில் பீஸ் ஒன்றுக்கு 140 கிராம் என்றால் 6,000 பீஸ். இதுவரை போன எடை எல்லாம் எதிர்பார்த்த இயல்பு இழப்பு. வேஸ்ட் விற்ற காசைக் கழித்துவிட்டு, மீதிச் செலவை அந்த 6,000 பீஸ் சுமக்கும். டையிங்கிலிருந்து 940க்குப் பதில் 920 கிலோதான் வந்தால் அந்த 20 கிலோ அசாதாரண இழப்பு. அதைப் பீஸ் விலையில் ஏற்றக் கூடாது. தனியே இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும், டையிங்காரரிடம் டெபிட் நோட் போட்டுப் பேசவும் வேண்டும். டெலிவரி சலானில் உள்ள எடையை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரே இங்கே நல்ல கணக்கர்.

வரித் தாளும் அப்படியே. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தருபவரிடம், வரி இல்லாமல் அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தால், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. ஜாப் ஒர்க்கை நம்பிப் பிழைக்கும் ஊரில் இந்த இரண்டும் அன்றாடப் பேச்சு. விருப்பப் பாடத்திலோ திறன்சார் தாளிலோ ஏற்றுமதி ஆவணங்கள், ஜாப் ஒர்க் கணக்கு, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) ஆகியவற்றுக்கு நிலையான இடம் தருவது இவ்வட்டாரக் கல்லூரிகளின் கடமை. பட்டம் முடித்த பிறகு ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதி ஆவணத்தை முதன்முதலாகப் பார்க்கும் நிலை மாறியாக வேண்டும்.

மேற்படிப்பு

பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வுக்கு நேரடியாகச் செல்ல வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடும் பிறருக்கு 60 விழுக்காடும் வேண்டும். கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், வரி, அடக்கவிலை, பொருளியல், மேலாண்மை போன்றவற்றில் தலா 100 மதிப்பெண் கொண்ட மூன்று முழுத் தாள்களாவது படித்திருந்தால்தான் ஒருவர் வணிகவியல் பட்டதாரி என்ற கணக்கில் வருவார். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் நேரடிப் பயிற்சிக் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது.

கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டுக்குரிய தாள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சேர்ந்த ஆண்டில் எந்தப் பாடத்திட்டம் நடப்பில் இருக்கிறதோ, அதன்படியே மாணவர் பட்டம் முடிக்க வேண்டும்.