'த்ரீ' இல்ல, 'ட்ரீ': வானத்துல பேசுற இங்கிலீஷ்

எங்க மாதனூர்ல இருந்து வேலூர் பக்கம் பைக்ல போனா, பள்ளிகொண்டா தாண்டி அப்துல்லாபுரத்துல பழைய விமான ஓடுதளம் ஒண்ணு இருக்கு. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் மாணவர்கள் பயிற்சி எடுத்த இடம். ஊர்ப் பசங்க என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான்: "அண்ணா, பைலட் ஆகணும்னா ரேடியோவுல இங்கிலீஷ் பேசணுமே, நமக்கு வருமா?"

வரும். அந்த இங்கிலீஷ் எப்படி உருவாச்சுன்னு பார்த்தா புரியும்.

1932 அக்டோபர்ல டாடா தபால் விமானம் முதல்முறையா மெட்ராஸுக்கு வந்தப்போ அதுல ரேடியோவே கிடையாது. பிறகு வானத்துல கூட்டம் கூடிச்சு. பல நாட்டு விமானிகள், ஒரே இரைச்சல். ஒரு எழுத்து மாறிக் கேட்டாலும் ஆபத்து. அதனால 1956-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பல மொழிக்காரங்க நாக்குக்கும் வர்ற சொற்களாத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'மாதனூர்'னு எழுத்துக்கூட்டினா: மைக், ஆல்ஃபா, டெல்டா, ஹோட்டல், ஆல்ஃபா, நவம்பர், யூனிஃபார்ம், ரோமியோ. எண்கள்ல 3 'ட்ரீ', 5 'ஃபைஃப்', 9 'நைனர்'. 'ட்ரீ'ன்னு சொன்னா வகுப்புல சிரிப்பாங்க. வானத்துல அதுதான் விதி.

ஆனா புரிஞ்சுக்கிறதுல சலுகை கிடையாது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. கசகஸ்தான் விமானம் 15,000 அடியில நிக்கணும். எதிரே சவூதி விமானம் 14,000 அடியில. கசகஸ்தான் விமானம் அனுமதியில்லாம கீழே இறங்கிச்சு. நடுவானில் மோதல். 349 பேர்ல ஒருத்தர்கூடப் பிழைக்கல. விமானிகளுக்கு ஆங்கிலம் போதாததால கட்டளையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதையும் விசாரணை ஆணையம் ஒரு காரணமாச் சொன்னது.

2008-லிருந்து சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம். ஆறு நிலைகள்ல நாலாவது போதும். தாய்மொழி வாடை அடிக்கலாம், கேக்குறவங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்.

இந்தியாவுல ரேடியோவுல பேச ஆர்டிஆர் உரிமம் வேணும். அதுக்கு முன்னாடியே வீட்டுல பழகலாம். வரிசை இதுதான்: யாரைக் கூப்பிடுறேன், நான் யார், எங்க இருக்கேன், என்ன வேணும். நண்பனை ஓர் உயரம், ஒரு திசை, ஒரு அலைவரிசை சொல்லச் சொல்லுங்க. எழுதிக்கிட்டு, எண் மாறாம அப்படியே திருப்பிச் சொல்லுங்க. இதுக்குப் பேரு 'ரீட்பேக்'. கேட்டது சரியான்னு ரெண்டு பக்கமும் உறுதி பண்ணிக்கிற வழி இது. சந்தேகம் வந்தா 'சே அகெய்ன்'னு கேளுங்க. அங்க அப்படிக் கேக்குறது வெட்கமில்ல. புரியாமலே 'ரோஜர்' சொல்றதுதான் ஆபத்து.