மிஸ்கான்டக்ட், மிஸ்பிஹேவியர்: இரண்டு சொற்களின் கதை

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி சேர்ந்தது. கொடி மாறிய கதையை நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அலுவலகக் காகிதங்களில் சொற்கள் மாறிய கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் புரட்டியவன் என்ற முறையில், அந்தச் சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு மனிதனின் வேலையையும் மானத்தையும் சேர்த்துப் பறிக்கக்கூடிய சொற்கள் அவை.

நாங்கள் பள்ளியில் படித்தது பிரெஞ்சு. பிரெஞ்சுச் சட்டம் குற்றங்களை மூன்று படியாகப் பிரித்து வைத்திருந்தது. பெரியது கிரீம், நடுவில் தெலி, சின்னது கோந்த்ராவான்சியோன். பெயரைக் கேட்டாலே குற்றத்தின் எடை தெரிந்துவிடும். உத்தியோகத்தில் செய்யும் தவறுக்கு 'ஃபோத்' என்று பெயர். அதிலும், வேலை ஓட்டத்தில் நேர்ந்த தவறு வேறு, ஆள் தன் சொந்தக் குணத்தால் செய்த தவறு வேறு என்று 1873-லேயே பிரான்சில் பெல்தியே வழக்கில் பிரித்துவிட்டார்கள். 1963-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் நம் ஊருக்கு வந்தது. அதில் படிகள் கிடையாது. சின்னதோ பெரியதோ, எல்லாமே 'அஃபென்ஸ்'தான். மத்திய அரசின் சர்வீஸ் விதிகளும் வந்தன. நடத்தை விதிகள் 1964-ஆம் வருஷத்தவை. தண்டனை, மேல்முறையீட்டு விதிகள் 1965-ஆம் வருஷத்தவை. அவற்றோடு மிஸ்கான்டக்ட், மிஸ்பிஹேவியர் என்ற இரட்டையர்களும் வந்து சேர்ந்தார்கள்.

பிரெஞ்சு படித்த எங்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. பிரெஞ்சில் 'ஏங்கோந்துய்த்' என்று ஒரு சொல் உண்டு. மிஸ்கான்டக்ட்டின் கூடப்பிறந்த சொல் மாதிரி காதில் விழும். ஆனால் அதன் பொருள் ஒழுக்கம் கெட்ட வாழ்க்கை; குடி, கூத்து, பெண் சகவாசம். தமிழிலும் இதே ஆபத்து இருக்கிறது. "அவன் நடத்தை சரியில்லை" என்று ஒருவரைச் சொன்னால், அவர் ஆபீசுக்குத் தாமதமாக வருகிறார் என்றா ஊர் புரிந்துகொள்ளும்? ஆகவே மிஸ்கான்டக்ட் என்று தலைப்பிட்ட மெமோ கையில் வந்தால், எங்கள் தலைமுறைப் பெரியவர்கள் குறுக்கிய தொகையைக் கேட்பதற்கு முன்பே முகம் வெளிறிப் போவார்கள். லீவு சொல்லாமல் இரண்டு நாள் வராததற்கும் அதே சொல்தான்.

இந்த இரண்டில் மிஸ்பிஹேவியர் பெரிய இடத்துப் பிள்ளை. அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ராஜா நினைத்தால் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்த காலம் ஒன்று. 1701-ல் வந்த ஒரு சட்டம் அதை நிறுத்தியது. நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் இருப்பார் என்று லத்தீன் சொற்றொடரில் எழுதி வைத்தார்கள். நன்னடத்தை தவறினால் மிஸ்பிஹேவியர். அந்தச் சொல் அங்கிருந்து 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்துக்கு வந்தது. அச்சட்டத்தின் கீழ்தான் 1949-ல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.பி. சின்ஹா பதவி நீக்கப்பட்டார். அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி.

1950-ல் அரசியல் சட்டம் 124-ஆவது பிரிவில் அந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொன்றைச் சேர்த்தது: நிரூபிக்கப்பட்ட மிஸ்பிஹேவியர். குற்றம் சாட்டினால் போதாது, விசாரித்து நிரூபிக்க வேண்டும். 1993 மே மாதம் இதற்குச் சோதனை வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்து, பஞ்சாப் ஹரியானாவில் தலைமை நீதிபதியாகி, உச்ச நீதிமன்றத்துக்குப் போன வி. ராமசாமி மீது மக்களவையில் தீர்மானம் வந்தது. நீதிபதி சாவந்த் தலைமையிலான குழு பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. ஆனால் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள், எதிராக ஒருவரும் இல்லை, 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது.

மிஸ்கான்டக்ட்டின் கதை வேறு. அது எல்லா வீட்டிலும் நுழையும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 510-ஆவது பிரிவின் தலைப்பிலேயே அது இருந்தது: குடித்துவிட்டுப் பொது இடத்தில் செய்யும் மிஸ்கான்டக்ட். தண்டனை அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை, அல்லது 10 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நம் ஊரில் அந்தப் பிரிவை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் அரசு கஜானா நிரம்பியிருக்கும்! அதே சொல் 1947-ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தில் 'கிரிமினல் மிஸ்கான்டக்ட்' ஆனது. அதற்கு வருஷக் கணக்கில் சிறை. ஆக, 10 ரூபாயில் முடிகிற காரியத்துக்கும் அதே சொல், பல வருஷம் உள்ளே இருக்கிற காரியத்துக்கும் அதே சொல். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எடை போட முடியாது.

இதை விதி எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1965 விதிகளில் 14-ஆவது விதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். மிஸ்கான்டக்ட் அல்லது மிஸ்பிஹேவியர் என்று குற்றம் சாட்டுவதானால், அதைத் திட்டவட்டமான, தனித்தனிக் குற்றச்சாட்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். எந்த ஆவணம், எந்தச் சாட்சி என்று பட்டியலும் கொடுக்க வேண்டும். பொத்தாம் பொதுவாக எழுதக்கூடாது.

உச்ச நீதிமன்றமும் இதற்கு எல்லை கட்டியது. 1960-ல் அசாமில் நௌகாங் மாவட்டத்தில் கலவரம் நடந்தபோது ஜே. அகமது என்பவர் அங்கே டெபுடி கமிஷனர். தலைமைப் பண்பு இல்லை, முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை, திறமை போதாது என்று அவர் மீது நடவடிக்கை எடுத்தார்கள். 1979-ல் தீர்ப்பு வந்தது. திறமைக் குறைவு வேறு, மிஸ்கான்டக்ட் வேறு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக எல்லா அலட்சியமும் தப்பித்துவிடாது. பெருங்கேடு விளைவிக்கும் அலட்சியம் மிஸ்கான்டக்ட் ஆகலாம். 1992-ல் ராம் சிங் என்ற பஞ்சாப் போலீஸ்காரர் வழக்கு வந்தது. இடுப்பில் சர்வீஸ் ரிவால்வரோடு, பணி நேரத்தில், நன்றாகக் குடித்துவிட்டு வெளியே சுற்றியவர். ஒரே ஒரு சம்பவம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. வேலை நீக்கத்தை நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டிலும் பார்க்கப்பட்டது, ஆள் உண்மையில் என்ன செய்தார் என்பதைத்தான்.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், இலாகா, பெயர் எதுவும் வேண்டாம். ஒரு அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டை முன்னிட்டு ஒரு பியூனுக்கும் ஒரு பெண் குமாஸ்தாவுக்கும் வாய்த்தகராறு. அவர் சத்தம் போட்டார், பதிவேட்டை மேஜையில் ஓங்கிப் போட்டார். தவறுதான். மறுநாள் வந்த மெமோவில் ஒரே வரி: பெண் ஊழியரிடம் 'மிஸ்பிஹேவ்டு வித்'. ஆங்கிலப் பத்திரிகை படிக்கிற எவரும் இந்திய ஆங்கிலத்தில் அந்த 'வித்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று அறிவார்கள். விஷயம் ஆபீசைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. அந்தப் பியூனின் பெண்ணுக்கு அப்போதுதான் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவுக்கும் நிம்மதி போயிற்று. "அவர் என்னைத் திட்டினார் சார், வேறொன்றும் இல்லையே, ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று அவரே மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். மெமோவைத் திரும்பப் பெற்று, நடந்ததை நடந்தபடி எழுதிப் புதிதாகக் கொடுத்தார்கள். கடைசியில் கிடைத்த தண்டனை வெறும் 'சென்ஷர்', அதாவது கண்டனம். ஆனால் நின்றுபோன அந்தச் சம்பந்தம் திரும்ப வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் நம்மிடம் மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வருகிறார்கள். பிள்ளைகளும் அலுவலகத்திலிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

மிஸ்கான்டக்ட் எண்ணிச் சொல்கிற பெயர் அல்ல. அதற்கு முன்னால் 'எ' போடுவதும் பின்னால் 'எஸ்' போடுவதும் தவறு. ஒரு செயலைக் குறிக்க 'ஆன் ஆக்ட் ஆஃப் மிஸ்கான்டக்ட்' என்று எழுதலாம். மிஸ்பிஹேவ் என்பதை ஆங்கிலேயர் பெரும்பாலும் குழந்தைகளின் குறும்புக்குச் சொல்வார்கள். நம் நாட்டில் அதற்கு வேறு நிழல் விழுந்துவிட்டது. ஒருவர் மரியாதையில்லாமல் பேசினார் என்றால் 'வாஸ் ரூட் டு' என்று எழுதினாலே போதும். திட்டினார் என்றால் திட்டினார் என்றே எழுதுங்கள். முடிந்தால் பேசிய வார்த்தையையே போடுங்கள். தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், இவை நான்கும் இருக்கட்டும். உண்மையிலேயே ஒரு பெண்ணிடம் தகாதபடி நடந்திருந்தால், அதையும் இந்தப் பூசி மெழுகும் சொல்லால் மறைக்க வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதுங்கள்; அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும்.

மிஸ்கான்டக்ட்டா இல்லையா என்பதை விசாரணை அதிகாரி முடிவு செய்துகொள்வார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எழுதுகிறவர் வேலை, நடந்ததைச் சொல்வது மட்டும்.