கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும்

மேற்கு நாடொன்றில் வாழும் நண்பர் ஒருவர், தமது ஊர்த் தேவாலயத்தின் ஒலியமைப்பைப் புதுப்பிப்பதற்காக அங்குள்ள ஊரவர்களிடம் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பழைய அம்பிளிபயரை அகற்றிவிட்டு, திருப்பலியையும் பாடல்களையும் பதிவுசெய்யக்கூடிய, கம்பித் தொடர்பின்றிக் கையிலுள்ள கணினித் திரையிலிருந்தே ஒலிகளைக் கலக்கக்கூடிய புதிய கருவிகளை வாங்கிக் கொடுப்பது அவர்களது திட்டம். கருவிகளின் பட்டியலை எனக்கும் அனுப்பி, அபிப்பிராயம் கேட்டிருந்தார். எத்தனை வாட், எத்தனை ஒலிவாங்கி, என்ன விலை என்பதெல்லாம் அதில் இருந்தன. தேவாலயம் எவ்வளவு நீளமானது, கடைசி வாங்கில் யார் இருப்பார்கள், அவர்களுக்கு இப்போது என்ன கேட்கிறது என்பது மாத்திரம் அதில் இல்லை.

நான் ஒலிப் பொறியியலாளன் அல்லன், பத்திரிகைக்காரன். ஆனால், திருவிழாக்களையும் இறுதி வணக்க நிகழ்வுகளையும் செய்தியாக்குவதற்காகத் தேவாலயங்களின் பின்புறத்தில் நின்று, பாதி கேட்டும் பாதி கேளாமலும் பிரசங்கங்களைக் குறிப்பெடுத்த அனுபவம் எனக்குண்டு. முன்னால் முழங்கிய குரல் பின்னால் வந்து சேரும்போது வெறும் இரைச்சலாகியிருக்கும். அந்த அனுபவமே இந்த விடயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. தேவாலயத்தில் யாருக்குக் கேட்கவேண்டும் என்பது முந்நூறு வருடங்களுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி என்பதை அப்போதுதான் அறிந்துகொண்டேன்.

1666 ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்துபோன இலண்டன் நகரத்தின் தேவாலயங்களை மீளக்கட்டிய சிற்பி சேர் கிறிஸ்டோபர் ரென், 1711 இல் எழுதிய கடிதம் ஒன்றில் இக்கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லியிருக்கிறார். அவ்வாண்டு இலண்டனில் ஐம்பது புதிய தேவாலயங்களைக் கட்டுவதற்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டிருந்தது. நடுத்தரமான குரலுடைய ஒரு போதகரின் பேச்சு முன்புறம் 50 அடிக்கும், இரு பக்கங்களிலும் 30 அடிக்கும், பிரசங்க மேடைக்குப் பின்னால் 20 அடிக்கும் மாத்திரமே தெளிவாகக் கேட்கும் என்பது அவரது கணிப்பு. அதற்கு மேல் பெரிதாகக் கட்டுவதில் பயனில்லை என்றார். வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும் போதகர்களைப் பற்றியும் அவர் குறைப்பட்டிருக்கிறார். அந்தக் குறை இன்றும் தீர்ந்தபாடில்லை.

இதிலுள்ள முரண் என்னவென்றால், அதே ரென் கட்டிய மாபெரும் புனித பவுல் பேராலயமும் அதே 1711 இல்தான் பூர்த்தியடைந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் நீளம் ஐந்நூறு அடிக்கும் அதிகம். அதன் கவிமாடத்தின் கீழ் ஒருவர் உரக்கப் பேசினால் அந்த ஓசை முற்றாக அடங்குவதற்குப் பத்து வினாடி வரை செல்லும். பாடலுக்கும் ஓர்கனுக்கும் அது அருட்கொடை, பேச்சுக்கோ சாபம். ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த பத்துச் சொற்கள் வந்து அதன்மேல் விழுந்துவிடும். அங்கே கடைசி வாங்கில் இருந்தவர்கள் இரண்டு நூற்றாண்டுகளாக வழிபாட்டைக் கண்ணால் கண்டார்களே தவிர, காதால் கேட்டார்களா என்பது சந்தேகமே.

தேவாலயத்துக்குள் மின்சார முறையிலான ஒலிப்பதிவு நுழைந்த நாள் 1920 நவம்பர் 11 ஆம் திகதி ஆகும். முதலாம் உலகப்போரில் மடிந்து, பெயர் தெரியாமற்போன ஒரு பிரித்தானியப் போர்வீரனின் உடல் பிரான்ஸிலிருந்து கொண்டுவரப்பட்டு, அன்று வெஸ்ட்மினிஸ்டர் அபேயில் அடக்கஞ்செய்யப்பட்டது. கணவனையும் பெற்ற ஆண்மக்கள் அனைவரையும் அப்போரிலே பறிகொடுத்த சுமார் நூறு பெண்கள் அங்கு சிறப்பு விருந்தினர்களாக இருத்தப்பட்டிருந்தனர். ஆனால், புதல்வனின் உடலையே காணாத தாய்மார் நாடெங்கும் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். உள்ளே இடம் கிடைத்தது ஒரு சிலருக்கே.

லயனல் கெஸ்ட், ஹொறேஸ் மெரிமன் என்னும் இருவர் அன்று அபேயினுள் ஒலிவாங்கிகளை வைத்து, கம்பி வழியாக ஒலியை வெளியே கொண்டுசென்று இசைத்தட்டிலே பதிந்தனர். அதுவரை இசைத்தட்டுப் பதிவென்றால் பாடகர் ஒரு பெரிய புனலின் வாய்க்குள் பாடவேண்டும். மின்சாரத்துக்கு அதில் வேலையில்லை. மின்சார முறையில் பதிவாகிப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதலாவது இசைத்தட்டு இந்த அடக்க ஆராதனையின் இரண்டு கீதங்களைக் கொண்டதே. கொலம்பியா நிறுவனம் அதனை அழுத்திக் கொடுத்தது. வருவாய் அபேயின் நிதிக்குச் சென்றது. அந்தப் பதிவைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு மங்கலானது என்பது தெரியும். தூரத்தில் எங்கோ ஒரு கூட்டம் பாடுவதுபோல, இரைச்சலுக்குள்ளே அமிழ்ந்த குரல்கள். ஆயினும், அன்று உள்ளே இடம் கிடைக்காத ஒரு தாய் தன் வீட்டிலிருந்து அதனைக் கேட்டிருந்தால், ஒலியின் தரம் பற்றி முறைப்பட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வாங்கு அன்று தேவாலயத்தின் சுவரைத் தாண்டி வெளியே போடப்பட்டது.

அடுத்த இரண்டு மாதங்களுக்குள் வானொலியும் வந்துவிட்டது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கல்வாரி எப்பிஸ்கோப்பல் தேவாலயத்தின் மாலை ஆராதனையை 1921 ஜனவரி 2 ஆம் திகதி கேடிகேஏ வானொலி ஒலிபரப்பியது. தேவாலயமொன்றிலிருந்து வானொலியில் வந்த முதல் ஆராதனை அதுவேயெனக் கொள்ளப்படுகிறது. ஒலிபரப்பை இயக்கிய தொழில்நுட்பவியலாளர் இருவருக்கும், சபையாரின் கவனம் சிதறாதிருக்கும் பொருட்டுப் பாடகர் குழுவின் அங்கிகள் அணிவிக்கப்பட்டன என்றும், அவர்களில் ஒருவர் யூதர், மற்றவர் கத்தோலிக்கர் என்றும் சொல்லப்படுவதுண்டு.

எல்லோரும் இந்த மாற்றத்தை வரவேற்றார்கள் என்றில்லை. 1923 இல், பின்னாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரான யோர்க் கோமகனின் திருமணத்தை வெஸ்ட்மினிஸ்டர் அபேயிலிருந்து ஒலிபரப்ப பிபிசி அனுமதி கேட்டபோது, அது மறுக்கப்பட்டது. மதுச்சாலைகளில் இருப்பவர்கள் தலையிலுள்ள தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஆராதனையைக் கேட்பார்களே என்பது அன்று கூறப்பட்ட அச்சம். இன்று இதனைப் படிக்கச் சிரிப்பு வரலாம். ஆனால், அந்த அச்சத்தினுள் ஒரு நியாயமான கேள்வி மறைந்திருந்தது. ஆராதனை என்பது அங்கு கூடியிருப்போர் செய்வதா, அல்லது தொலைவிலிருந்து கேட்போருக்கும் உரியதா? அடுத்த ஆண்டே, 1924 ஜனவரி 6 ஆம் திகதி, இலண்டன் சென். மார்ட்டின் தேவாலயத்தின் குரு டிக் ஷெப்பேர்ட் தமது ஆலயத்தின் கதவை பிபிசிக்குத் திறந்துவிட்டார். 1934 இல் கென்ற் கோமகனின் திருமணம் அபேயிலிருந்தே ஒலிபரப்பப்பட்டது.

வெளியே இருப்பவர்களுக்கு இவ்வாறு வழி பிறந்தது. உள்ளே கடைசி வாங்கில் இருந்தவர்களின் நிலைமை என்ன? ஒலிபெருக்கி வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். ஆனால், எதிரொலிக்கும் மண்டபத்தில் ஒலியைப் பெருக்கினால் எதிரொலியும் சேர்ந்தே பெருகும். புனித பவுல் பேராலயத்தில் 1951 அளவில் இதற்குத் தீர்வு கண்டவர்கள் பார்க்கின், டெய்லர் என்னும் இருவர். அவர்கள் சத்தத்தைக் கூட்டவில்லை. சத்தம் போகும் திசையைக் கட்டுப்படுத்தினார்கள். உயரமான தூண்போன்ற ஒலிபெருக்கிகளை அமைத்து, ஒலி கூரையை நோக்கிச் சிதறாமல் மக்கள் அமர்ந்திருக்கும் மட்டத்திலேயே செல்லும்படி செய்தார்கள்.

இன்னொரு நுட்பமும் அதிலே இருந்தது. ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் தூரமே செல்லும். கம்பியிலே மின்சாரமோ கணப்பொழுதில் போய்ச் சேரும். ஆகவே 34 மீற்றர் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கி, போதகரின் இயற்கைக் குரல் அங்கு வந்துசேர்வதற்குப் பத்தில் ஒரு வினாடி முன்னதாகவே பேசிவிடும். அங்கிருப்பவருக்கு ஒரே சொல் இருமுறை கேட்கும். இதைத் தவிர்ப்பதற்காக, சுழலும் காந்தப் பதிவுச் சாதனமொன்றில் குரலைப் பதிந்து, அந்தந்தத் தூரத்துக்கு வேண்டிய அளவு தாமதித்துப் பின்வரிசை ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார்கள். முதலில் வரும் ஒலியின் திசையையே காது நம்பும், மிகச் சிறு தாமதத்துடன் பின்தொடர்ந்து வரும் ஒலியை அதனோடு ஒன்றாகவே கேட்கும் என்பதை ஜேர்மனியரான ஹெல்முட் ஹாஸ் 1949 இல் தமது ஆய்வில் காட்டியிருந்தார். இதனால் கடைசி வாங்கில் இருந்தவருக்கும் சொல் தெளிவாகக் கேட்டது. அது தூணிலிருந்து அல்லாமல் போதகரின் வாயிலிருந்து வருவதாகவே தோன்றியது.

எமது தேவாலயங்களுக்கு இந்தக் கேள்வி பின்னரே வந்தது. கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்த காலத்தில், பின்னால் இருந்த ஆச்சி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாலே போதுமாயிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பரில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு தாய்மொழிகளுக்கு வழிவிட்டது. குரு மக்களை நோக்கித் திரும்பினார். வாசகம் தமிழிலே வந்தது. கேட்டால் விளங்கும் என்ற நிலை வந்தபோதுதான், கேட்கவில்லை என்ற குறையும் பிறந்தது. பீடத்தில் ஒலிவாங்கி வைக்கப்பட்டதற்கு நாகரிகம் மாத்திரம் காரணமல்ல.

இனி நண்பரின் பட்டியலுக்கு வருவோம். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் முன்பெல்லாம் தடித்த கேபிளினால் மேடையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதனை இயக்குபவர் எங்கு இடம் கொடுக்கப்பட்டதோ அங்கேயே, ஒரு மூலையிலோ சக்கிறிஸ்து அறையிலோ, இருந்தார். சபைக்கு என்ன கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 2010 இல் ஐபேட் வந்தது. 2012 இல் மக்கி டிஎல்1608, பெரிங்கர் எக்ஸ்32 போன்ற, சிறு தேவாலயங்களும் வாங்கக்கூடிய டிஜிட்டல் மிக்ஸர்கள் வந்தன. கைத்திரையிலிருந்தே அவற்றை இயக்கலாம். எக்ஸ்32 முப்பத்திரண்டு ஒலிகளையும் தனித்தனியே கணினியில் பதியக்கூடியது. கம்பியறுந்ததன் உண்மையான நன்மை சௌகரியமல்ல. இயக்குபவர் எழுந்து நடந்து கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டு ஒலியைச் சரிசெய்யலாம் என்பதே.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, மண்டபத்துக்கான கலவையும் பதிவுக்கான கலவையும் ஒன்றல்ல. சிறிய தேவாலயத்தில் பாடகர் குழுவும் மேளமும் இயல்பாகவே உரத்துக் கேட்பதால், அவற்றை ஒலிபெருக்கியில் குறைத்தே வைப்பார்கள். அதே கலவையைப் பதிவுசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், குருவின் குரல் மாத்திரம் காதைத் துளைக்கும். பாடல் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். பதிவுக்கெனத் தனிக் கலவையும், சபையாரின் குரலை வாங்குவதற்கு மண்டபத்தில் தனி ஒலிவாங்கிகளும் வேண்டும். 2020 இல் ஆலயக் கதவுகள் மூடப்பட்டு, வழிபாடுகள் கைத்தொலைபேசிகளில் வந்தபோது இதனை எல்லோரும் அனுபவித்தோம்.

இரண்டாவது, காற்றலைகள் எவருக்கும் நிரந்தரச் சொத்தல்ல. அமெரிக்காவில் 700 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய கம்பியில்லா ஒலிவாங்கிகள் 2010 ஜூன் 12 உடன் தடைசெய்யப்பட்டன; 600 மெகாஹேர்ட்ஸின் பெரும்பகுதியும் 2020 ஜூலை 13 உடன் மூடப்பட்டது. கைத்தொலைபேசி நிறுவனங்களுக்காக அவ்வலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. பல தேவாலயங்கள் நல்ல நிலையிலிருந்த ஒலிவாங்கிகளையே கைவிட நேர்ந்தது. அப்படிப்பட்ட கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று ஊருக்கு அனுப்புவதற்கு முன்னர், அந்த அலைவரிசை இங்கே அனுமதிக்கப்பட்டதா என்று விசாரிப்பது நல்லது.

நண்பருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. கருவிகளை வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காது சற்று மந்தமான வயோதிபர் ஒருவரைக் கடைசி வாங்கில் இருத்தி, முதலாம் வாசகத்தில் என்ன கேட்டது என்று பூசை முடிந்ததும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய கருவிகள் பூட்டப்பட்ட பின்னரும் அதே வயோதிபரை அதே வாங்கில் இருத்திக் கேளுங்கள். இரண்டு பதில்களுக்கும் வித்தியாசம் இல்லையென்றால், அங்கே நீங்கள் சேர்த்த பணம் வெறும் சத்தமாகிவிட்டது என்பதே பொருள்.

வாங்கு என்ற சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்றது. அதிலே கடைசியாக இருப்பவர்கள் பெரும்பாலும் பிந்தி வந்தவர்களும், குழந்தையோடு வந்த தாய்மாரும், முன்னால் செல்லக் கூச்சப்படும் ஏழைகளுமே. யாருக்காகப் பேசப்படுகிறது என்று கேட்டால், எனக்கு அவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.